எண்ணூரில் விழுந்த கல், படப்பையில் எழுந்த கேள்வி

‘டிக் டிக் டிக்’ படம் தொலைக்காட்சியில் ஓடி முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. எங்கள் தெருவில் ஏழாம் வகுப்புப் படிக்கும் பையன் மொட்டை மாடிக்கு ஏறி வந்து கேட்டான்: “மாமா, அந்தக் கல்லு நெசமாவே எண்ணூர்ல விழுந்தா நம்ம படப்பைக்குச் சத்தம் கேக்குமா?”

சக்தி சௌந்தர் ராஜன் இயக்கத்தில் ஜெயம் ரவி நடித்து 2018 ஜூனில் வெளியான படம் அது. இந்தியாவின் முதல் விண்வெளிப் படம் என்று விளம்பரம் செய்தார்கள். எண்ணூரில் ஒரு விண்கல் விழுவதில் கதை தொடங்கும். அதைவிடப் பெரிய ஒன்று வங்கக் கடலை நோக்கி வர, அதை அணு ஆயுதத்தால் உடைக்க ஒரு குழு விண்வெளிக்குப் புறப்படும். நம்மூர் ஒன்றின் பெயரைச் சொல்லி வானத்துக் கதையைத் தொடங்கியதற்காகவே அந்தப் படத்தின் மீது எனக்கு மதிப்பு உண்டு. எங்கோ நியூயார்க்கில் விழுந்திருந்தால் பையன் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்க மாட்டான்.

கேள்விக்குப் பதில் இருக்கிறது. படப்பைக்கும் எண்ணூருக்கும் நேர்கோட்டில் ஏறத்தாழ 50 கிலோமீட்டர். காற்றில் ஒலி ஒரு நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். வகுத்துப் பார்த்தால் 147 நொடி, கிட்டத்தட்ட இரண்டரை நிமிடம். வெளிச்சம் கண்ணிமைக்கும் முன்பே வந்துவிடும். சத்தம் பின்னால் நடந்து வரும். திரையில் இரண்டும் ஒரே நொடியில் வருகின்றன. இதைச் சொன்னதும் பையன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “அப்போ அந்த ரெண்டரை நிமிஷம் நாம என்ன பண்ணணும்?” என்றான்.

ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகரத்துக்கு இதே கேள்வி 2013 பிப்ரவரி 15 காலையில் வந்தது. ஏறத்தாழ 20 மீட்டர் குறுக்களவுள்ள கல் ஒன்று வளிமண்டலத்தில் நுழைந்து உயரத்திலேயே வெடித்தது. சூரியனை மிஞ்சும் வெளிச்சம். என்னவென்று பார்க்க மக்கள் ஜன்னலுக்கு ஓடினார்கள். இரண்டு நிமிடம் கழித்து அதிர்வலை வந்து சேர்ந்து கண்ணாடிகளை நொறுக்கியது. ஏறக்குறைய 1,500 பேர் காயமடைந்தார்கள், பெரும்பாலும் கண்ணாடிச் சில்லுகளால். ஒரு பள்ளியில் நான்காம் வகுப்பு ஆசிரியை மட்டும், வெளிச்சத்தைக் கண்டதுமே பிள்ளைகளை மேசைகளுக்கு அடியில் போகச் சொன்னார். வகுப்பில் இருந்த 44 பிள்ளைகளும் காயமின்றித் தப்பினார்கள். நின்றுகொண்டிருந்த ஆசிரியைக்குக் கையில் ஆழமான வெட்டு.

விண்வெளிப் படத்தில் அறிவியல் சரியாக இருக்க வேண்டும் என்று யாராவது சொன்னால், “சினிமாவைச் சினிமாவா பாரு” என்று உடனே பதில் வருகிறது. நானும் பல தடவை அப்படிச் சொல்லியிருக்கிறேன். செல்யாபின்ஸ்க் கதையை அறிந்த பிறகு அதைச் சொல்ல வாய் வரவில்லை. ஒளி முன்னே வரும், ஒலி பின்னே வரும் என்ற ஒரே ஒரு செய்தி ஒரு ஊருக்குத் தெரிந்திருந்தால் நூற்றுக்கணக்கானோர் மருத்துவமனைக்குப் போயிருக்க வேண்டியதில்லை. அவ்வளவு தூரம் போவானேன்? ஐப்பசி மழையில் மின்னல் அடிக்கிறது. இடி கேட்கும்வரை நொடிகளை எண்ணி மூன்றால் வகுத்தால் எத்தனை கிலோமீட்டர் தள்ளி விழுந்தது என்று தெரிந்துவிடும். முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால் கூரைக்குள் போய்விட வேண்டும் என்பது பாதுகாப்பு விதி. ஏரிக்குள் மாடு மேய்ப்பவருக்கும், புதிதாக எழும் அடுக்ககத்தின் உச்சித் தளத்தில் கம்பி கட்டுபவருக்கும் உயிர் காக்கும் கணக்கு இது. ஒரு படம் இதைக் கோடிப் பேருக்குக் கற்றுத்தர முடியும். தவறாகக் கற்றுத்தரவும் முடியும்.

இதில் இயக்குநர்களை மட்டும் கூண்டில் ஏற்றுவது நியாயமில்லை. தமிழ் சினிமா வானத்தை நோக்கிக் கை நீட்டியது இன்று நேற்றல்ல. எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்த ‘கலை அரசி’ 1963இல் வந்தது. வேற்றுக்கிரகத்துக்காரர் பூமிக்கு வந்து, தங்கள் உலகுக்கு இசை கற்றுத்தர ஒரு பெண்ணைக் கொண்டுபோகும் கதை. யூரி ககாரின் விண்ணுக்குப் போய் இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன. நிலவில் யாரும் கால் வைத்திருக்கவில்லை. கற்பனையை மட்டும் துணைக்கு வைத்துக்கொண்டு அன்று அவர்கள் எடுத்தார்கள். இன்று நம்மிடம் அறிவு இருக்கிறது. அது எழுத்தாளர் மேசைக்கு வந்து சேர்வதில்லை என்பதுதான் குறை.

பணம் இல்லை என்பதைக் காரணமாகச் சொல்வார்கள். வெற்றிடத்தில் ஒலி பரவாது. விண்வெளியில் எது வெடித்தாலும் பக்கத்தில் இருப்பவர் காதில் ஒன்றும் விழாது. அந்த மௌனத்தைப் படத்தில் வைக்க ஒரு ரூபாய் செலவில்லை. 2013இல் வந்த ‘கிராவிட்டி’ படத்தில் விண்கலங்கள் சிதறும் காட்சி இன்றும் குலை நடுங்க வைப்பதற்கு அந்த மௌனம்தான் காரணம். இந்த எண்ணம் நமக்கு அந்நியமும் அல்ல. காற்று இயங்காத வெளி ஒன்று மேலே உண்டு என்று எண்ணிப் பார்த்த புலவர்களின் குரல் புறநானூற்றில் இருக்கிறது. அந்த வெளியை எழுதிய மொழியில் எடுக்கும் படங்களில் ராக்கெட் அங்கே போய் உறுமுவதைக் கேட்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

‘இன்டர்ஸ்டெல்லார்’ படத்துக்கு இயற்பியலாளர் கிப் தோர்ன் துணை நின்றபோது இரண்டு விதிகளை வைத்தார். நிறுவப்பட்ட இயற்பியல் விதி எதையும் கதை மீறக்கூடாது. கற்பனை எவ்வளவு தூரம் போனாலும் அது அறிவியலிலிருந்து முளைத்ததாக இருக்க வேண்டும். கருந்துளையைச் சுற்றி ஒளி எப்படி வளையும் என்பதற்கான சமன்பாடுகளை அவர் எழுதிக் கொடுத்தார், படவரைகலைக் குழு அதைக் கணினியில் ஏற்றியது. 2014இல் படம் வந்தது. அந்தக் கணக்கு மறு ஆண்டு ஆய்வுக் கட்டுரையாகவும் வெளிவந்தது. உண்மையான கருந்துளை ஒன்றின் நிழலை உலகம் முதன்முதலாகக் கண்டது 2019 ஏப்ரலில்தான். 2025 பிப்ரவரியில் இந்தியாவில் அந்தப் படத்தை மறுபடி திரையிட்டபோது அரங்குகள் நிறைந்தன. அறிவியல் சரியாக இருந்தால் சனம் பார்க்காது என்ற பயத்துக்கு இதைவிடப் பெரிய மறுமொழி வேண்டுமா?

கருந்துளைக் கதையில் நம்மூர்ப் பங்கும் உண்டு. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து முடித்த சுப்பிரமணியன் சந்திரசேகர் 1930இல், தம் 19ஆம் வயதில், இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். போகிற வழியிலேயே கணக்குப் போட்டார். எரிந்து தீர்ந்த விண்மீனின் மிச்சம் சூரியனைப்போல் சுமார் 1.4 மடங்குக்கு மேல் கனத்தால் வெண்குறுமீனாக நிலைத்திருக்க முடியாது, நொறுங்கத்தான் வேண்டும் என்று அவர் கண்ட எல்லை அந்தப் பயணத்தில் பிறந்தது. நோபல் பரிசு வர 1983 ஆயிற்று. கருந்துளை என்றதும் நம் பிள்ளைகளுக்கு ஹாலிவுட் நினைவுக்கு வருகிறது. நாம் சொல்லாமல் விட்டதன் விளைவு அது.

எண்ணூர்க் கல்லுக்குத் திரும்புவோம். வருகிற கல்லை அணுகுண்டால் உடைப்பது திரைக்கு அழகு. உடைந்த துண்டுகளும் அதே பாதையில் வந்துகொண்டிருக்கலாம் என்பது அதிலுள்ள சிக்கல். 2022 செப்டம்பர் 26 அன்று நாசாவின் டார்ட் விண்கலம் வேறொரு வழியைக் காட்டியது. சுமார் 160 மீட்டர் அகலமுள்ள டைமார்போஸ் என்ற சிறுகோள்மீது நொடிக்கு 6 கிலோமீட்டர் வேகத்தில் போய் மோதியது. தன்னைவிடப் பெரிய சிறுகோள் ஒன்றை அது சுற்றிவரும் காலம் ஏறத்தாழ 33 நிமிடம் குறைந்தது. உடைக்க வேண்டாம், இடித்துவிட்டால் போதும். எவ்வளவு இடிக்க வேண்டும்? ஒரு கல்லின் வேகத்தை நொடிக்கு ஒரு சென்டிமீட்டர், அதாவது எறும்பு ஊரும் அளவுக்கு மாற்றினால்கூட, பத்து ஆண்டில் அது சுமார் 3,000 கிலோமீட்டர் விலகிப் போயிருக்கும். பூமியின் ஆரமே 6,371 கிலோமீட்டர்தான். ஆனால் அந்தப் பத்து ஆண்டு நம் கையில் இருக்க வேண்டும். கடைசி நாட்களில் வீரம் காட்டுவதைவிட, பத்து ஆண்டு முன்னதாகக் கண்டுபிடிப்பதில்தான் ஊர் பிழைக்கும். கண்டுபிடிப்பதற்குத் தேவை பொறுமை, தொலைநோக்கி, இருட்டு.

இந்தத் தேடலில் சென்னைக்கு நீண்ட வரலாறு உண்டு. நுங்கம்பாக்கத்தில் 1792இல் எழுந்த வானாய்வகத்தில் நார்மன் போக்சன் 1861 ஏப்ரல் 17 அன்று ஒரு சிறுகோளைக் கண்டார். ஆசியக் கண்டத்திலிருந்து கண்ட முதல் சிறுகோள் என்பதால் அதற்கு ‘ஆசியா’ என்றே பெயர். அவருக்குத் துணையாக இருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டுபிடித்தார். அதைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது அவர் 1874இல் செய்த வேலை. வெள்ளி சூரியனைக் கடக்கும் காட்சி வரப்போகிறது என்று, பொதுமக்களுக்குப் புரியும்படி உரையாடல் வடிவில் ஒரு சிறு நூலை எழுதி, ஆங்கிலத்தோடு நிற்காமல் நம் நாட்டு மொழிகளிலும் கொண்டுவந்தார். வானாய்வகத்தின் கதவைத் தெருப்பக்கம் திறந்து வைத்த மனிதர் அவர்.

பிறகு ஜவ்வாது மலையின் காவலூர். வானியலாளர் வைணு பாப்பு வானாய்வகத்துக்காகத் தேடிப் பிடித்த இடம் அது. அங்கே ‘கல்கி’ என்று பெயரிட்ட சிறுகோள் தேடலில், ஆர். ராஜமோகன் 45 செ.மீ. ஷ்மிட் தொலைநோக்கியால் 1988 பிப்ரவரி 17 அன்று ஒன்றைக் கண்டார். அதற்குக் கணிதமேதை ராமானுஜன் பெயர். இந்திய மண்ணிலிருந்து நூறாண்டுக்கும் மேற்பட்ட இடைவெளிக்குப் பின் கிடைத்த சிறுகோள். வானத்தையே பார்த்தபடி மலையில் விடிய விடியக் காத்திருந்தவர்களின் கதை இது. இதில் பரபரப்பு இல்லை என்று எந்தத் திரைக்கதை ஆசிரியர் சொல்வார்? அவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

நுங்கம்பாக்கத்தில் கண்ட சிறுகோளை இன்று நுங்கம்பாக்கத்திலிருந்து காண முடியாது. வானாய்வு கொடைக்கானலுக்கு ஏறியது, பிறகு காவலூருக்குப் போனது. விஞ்ஞானிகள் இருட்டைத் தேடி மலைக்குப் போகலாம். நாம் எங்கே போவது? தாம்பரத்திலிருந்து முடிச்சூர், மண்ணிவாக்கம் வழியாக ஒளி மேற்கே நகர்ந்து வந்துகொண்டே இருக்கிறது. ஒரகடம் பக்கமிருந்து கிழக்கே வருகிறது. படப்பை நடுவில் இருக்கிறது. துருவ விண்மீன் இங்கே வடக்கு அடிவானத்திலிருந்து 13 பாகை உயரத்தில்தான் நிற்கும். சென்னையின் ஒளிமூட்டம் அதை எங்கள் கண்ணிலிருந்து எப்போதோ எடுத்துக்கொண்டது.

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் அடித்துப்போன பிறகு பல தெருக்களுக்கு நாள்கணக்கில் கரண்ட் வரவில்லை. முதல் சில இரவுகள் முழு நிலவு. அதன்பின் நிலவு தாமதமாக எழத் தொடங்கியதும் முன்னிரவில் வானம் திறந்துகொண்டது. மேற்கே வெள்ளி. கிழக்கே எழும் மிருகசீரிடமும் திருவாதிரையும். கார்த்திகைக் கூட்டத்தை மாடிகளில் நின்று எண்ணினோம். ஆறா, ஏழா என்று பெரியவர்கள் வாக்குவாதம் செய்தார்கள். மரங்கள் விழுந்து, தண்ணீருக்கு அலைந்து, கஷ்டம் நிறைந்த நாட்கள் அவை. அந்தக் கஷ்டம் யாருக்கும் மறுபடி வேண்டாம். அந்த வானம் வேண்டும்.

இரண்டும் ஒருசேரக் கிடைக்க வழி இருக்கிறது. இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ஷிப்ட் முடிந்து இரவு பதினோரு மணிக்குப் பேருந்திலிருந்து இறங்கி நடந்துவரும் பெண்ணுக்கு வெளிச்சம் வேண்டும். அதில் பேச்சுக்கு இடமில்லை. கேட்பதெல்லாம் அந்த வெளிச்சம் அவர் நடக்கும் பாதையில் விழ வேண்டும் என்பதுதான். மூடி இல்லாத விளக்கு தன் ஒளியில் ஒரு பங்கை வானத்துக்கு அனுப்புகிறது. அதற்கும் ஊராட்சி மின் கட்டணம் கட்டுகிறது. கண்ணைக் கூசவைக்கும் விளக்குக்குப் பின்னால் நிற்கும் ஆள் தெரியாமல் போவதும் உண்டு. மேற்புறம் மூடியிட்டு, கீழ்நோக்கித் திருப்பி வைத்தால் தெரு இன்னும் நன்றாகத் தெரியும். நீலம் தூக்கலான வெள்ளை எல்.இ.டி.க்குப் பதில் மஞ்சள் சாயல் கொண்டதைப் போடலாம். நீல ஒளிதான் காற்றில் அதிகம் சிதறும். பகல் வானம் நீலமாக இருப்பதும் இதனால்தான். கடற்கரை விளக்குகளால் திசை மாறும் பங்குனி ஆமைக் குஞ்சுகளைப் பற்றி நாம் கவலைப்பட்டுப் பழகிவிட்டோம். நம் பிள்ளைகளும் வானத்தைப் பார்த்து வழி கண்டுகொள்ள வேண்டியவர்கள்தான்.

யார் செய்வது என்று கேட்டால், ஒருவரால் ஆகாது. தெருவிளக்கு மாற்றும்போது மூடியுள்ளதை வாங்க ஊராட்சி தீர்மானிக்கலாம். கிராம சபையில் இதை எழுப்ப எவருக்கும் உரிமை உண்டு. குடிநீர், குப்பை, சாலை என்ற வரிசையில் வானத்துக்கும் ஒரு வரி எழுதிக் கொடுப்போம். தொழிற்சாலைகள் சுற்றுச்சுவர் விளக்கைத் தங்கள் வளாகத்துக்குள் திருப்பிக்கொள்ளலாம். மனை விற்பவர்கள் ஆளில்லாத மனைப்பிரிவில் விடியவிடிய எரியும் ஹைமாஸ்ட் விளக்கைக் குறைக்கலாம். கல்யாண மண்டபங்களும் கோயில் நிர்வாகங்களும் விழா முடிந்ததும் மரத்தில் சுற்றிய விளக்குச் சரத்தை அணைக்கலாம். மண்டபத்தில் அம்மி மிதித்த பெண்ணுக்குப் புரோகிதர் அருந்ததி காட்டும்போது மேலே மின்விசிறி சுழல்கிறது. அன்றிரவு மாடிக்கு அழைத்துப்போய் சப்தரிஷி மண்டலத்தில் வசிஷ்டரையும் அருகே மங்கலாக அருந்ததியையும் காட்டும் பெரியவர் குடும்பத்துக்கு ஒருவராவது வேண்டாமா?

விஞ்ஞானிகளிடமும் ஒரு வேண்டுகோள். தரமணியில் கணித அறிவியல் நிறுவனம் இருக்கிறது. கிண்டியில் ஐ.ஐ.டி. கோட்டூர்புரத்தில் பிர்லா கோளரங்கம். இவற்றிலிருந்து கோடம்பாக்கம் சில கிலோமீட்டர் தூரம். திரைக்கதை எழுதும் இளைஞர் ஒருவர் சந்தேகம் கேட்டு வந்தால், அது விளையாட்டுத்தனம் என்று ஒதுக்காமல் உட்காரவைத்துப் பேச வேண்டும். அமெரிக்காவில் தேசிய அறிவியல் அகாடமி 2008 முதலே திரைத்துறையையும் விஞ்ஞானிகளையும் இணைக்க ஓர் அமைப்பு நடத்துகிறது. இங்கே தயாரிப்பாளர் சங்கமும் இயக்குநர் சங்கமும் அழைத்தால் வரக்கூடியவர்கள் நிச்சயம் இருக்கிறார்கள்.

பார்வையாளர்களான நமக்குத்தான் பெரிய பங்கு. சந்திரயான்-2இன் தரையிறங்கு கலமான விக்ரம் 2019 செப்டம்பரில் நிலவில் மோதிச் சிதறியபோது, அதன் சிதறலை நாசாவின் படங்களில் முதலில் அடையாளம் கண்டவர் சென்னையில் வேலை செய்த பொறியாளர் சண்முக சுப்பிரமணியன். தம் கணினியில், பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் வைத்துப் புள்ளி புள்ளியாக ஒப்பிட்டார். அந்த ஆண்டு டிசம்பரில் நாசா அவர் பெயரைச் சொல்லி அறிவித்தது. அரசு வேலையோ ஆய்வகமோ இல்லாமல், பார்க்கும் பழக்கத்தால் செய்தது.

அடுத்த முறை நிலவில் இறங்கிய கதை இன்னும் பக்கத்தில் இருக்கிறது. சந்திரயான்-3இன் திட்ட இயக்குநர் ப. வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர், ரயில்வே தொழில்நுட்பப் பணியாளர் ஒருவரின் மகன். இயந்திரவியல் படித்தது மேற்குத் தாம்பரம் ஸ்ரீ சாய்ராம் பொறியியல் கல்லூரியில். படப்பையிலிருந்து தாம்பரம் போகிற எவரும் அந்தப் பக்கத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். நிலவின் மண்ணைப் போன்ற மண் வேண்டும் என்று தேடியபோது நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியிலும் குன்னமலையிலும் கிடைத்த பாறையைப் பொடித்துத்தான் இஸ்ரோ சோதனைக்களம் அமைத்தது. சந்திரயான்-3 2023 ஜூலை 14இல் கிளம்பி, நாற்பது நாள் பூமியையும் நிலவையும் சுற்றிச் சுற்றி வேகத்தைக் கூட்டியும் குறைத்தும், ஆகஸ்ட் 23 மாலை 6.04க்கு இறங்கியது. யூடியூபில் ஒரே நேரத்தில் 80 லட்சம் பேர் பார்த்தார்கள். திரையில் ஓடியது பெரும்பாலும் எண்களும் ஒரு வரைகோடும்தான். வில்லன் இல்லை, வெடிச்சத்தம் இல்லை. எங்கள் தெருவில் ஒருவரும் எழுந்து போகவில்லை.

எதிலிருந்து தொடங்கலாம் என்று கேட்பவர்களுக்கு ஒரு யோசனை. தை அமாவாசை எல்லோருக்கும் தெரிந்த நாள். காலையில் முன்னோருக்குத் தர்ப்பணம் கொடுக்கிறோம். அன்றிரவு நிலவு இருக்காது. மழையும் ஓய்ந்திருக்கும். இரவு 8 முதல் 9 மணிவரை, தெருவிளக்கை எரியவிட்டு, மற்ற அலங்கார விளக்குகளையும் விளம்பரப் பலகைகளையும் மட்டும் படப்பையும் மணிமங்கலமும் ஆதனூரும் சேர்ந்து அணைத்தால் போதும். பள்ளி ஆசிரியர்கள் பிள்ளைகளையும் பெற்றோரையும் ஏரிக்கரைக்கு அழைத்து வரலாம். தொலைநோக்கி இல்லாவிட்டாலும் பரவாயில்லை. உச்சி நோக்கி ஏறும் திருவாதிரையின் செம்மை வெறும் கண்ணுக்கே தெரியும். அதன் ஒளி அங்கிருந்து கிளம்பி ஐந்நூறு ஆண்டுக்கு மேல் ஆகிறது. தெற்கே தாழ்வாக, பளிச்சென்று நிற்பது அகத்தியர் விண்மீன். சுமார் 310 ஒளியாண்டு தொலைவு. செஞ்சியில் தேசிங்கு ராஜா குதிரையேறிய காலத்தை ஒட்டிப் புறப்பட்ட வெளிச்சம் இப்போதுதான் படப்பைக்கு வந்து சேர்கிறது. லண்டனிலோ மாஸ்கோவிலோ இருப்பவர் இதை ஒருபோதும் பார்க்க முடியாது, அவர்களுக்கு அது அடிவானத்துக்கு மேலே வருவதே இல்லை. அன்று சர்வதேச விண்வெளி நிலையம் நம் தலைக்கு மேலே போகும் வேளையும் வாய்த்தால், நான்கைந்து நிமிடத்தில் வானத்தைக் கடக்கும் அந்தப் புள்ளியைக் காட்டி, சுபான்ஷு சுக்லா 2025இல் தங்கிவிட்டு வந்த வீடு இதுதான் என்று சொல்லலாம்.

பையனிடம் சொல்லி வைத்திருக்கிறேன். தன் வகுப்பிலிருந்து பன்னிரண்டு பேரை அழைத்து வருவதாகச் சொல்லியிருக்கிறான். கரையில் உட்காரப் பாய் கொண்டுவருவது என் பொறுப்பு.